ஆந்த்ரேஸ் இனியெஸ்டா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இனியெஸ்டா யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஸ்பெயின் நாட்டு நடுக்கள ஆட்டக்காரர். 1984 மே 11 அன்று பிறந்தவர். பார்சிலோனாவின் முதல் அணிக்காக 674 ஆட்டங்கள், ஸ்பெயினுக்காக 131 ஆட்டங்கள் ஆடினார். 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் விழுந்த ஒரே கோல் இவர் அடித்தது. 2024 அக்டோபர் 8 அன்று ஓய்வை அறிவித்தார். பார்சிலோனாவில் அவர் அணிந்த சட்டையின் எண் 8. அதற்காகவே எட்டாம் தேதியாகப் பார்த்து அறிவித்தார்.

எந்த ஊர்க்காரர்? பார்சிலோனாவில் பிறந்தவரா?

இல்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஸ்பெயினின் தென்கிழக்குப் பக்கம், அல்பசெத்தே மாகாணத்தில் ஃபுவென்தெஅல்பில்யா என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள், மக்கள்தொகை சுமார் இரண்டாயிரம். அப்பா ஹோசே அந்தோனியோ கொத்தனார். அம்மாவின் குடும்பம் ஊரில் ஒரு மதுக்கடை வைத்திருந்தது. பள்ளிக்கூடத்து சிமெண்ட் தரையில் பந்து உதைத்துத்தான் பையன் வளர்ந்தான். அப்புறம் அல்பசெத்தே கிளப்பின் சிறுவர் அணியில் சேர்ந்தான்.

1996இல் மாட்ரிட் பக்கத்தில் புருனெத்தே என்ற ஊரில் சிறுவர்களுக்கான எழுவர் கால்பந்துப் போட்டி நடந்தது. பெரிய கிளப்களின் ஆட்கள் எல்லாம் வந்து பையன்களை நோட்டம் விடும் போட்டி அது. பன்னிரண்டு வயது இனியெஸ்டா அங்கேதான் பார்சிலோனாவின் கண்ணில் பட்டான்.

பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டுப் போனாரா? லா மாசியா என்பது என்ன?

லா மாசியா என்றால் பண்ணை வீடு. 1702இல் கட்டிய பழைய கல் வீடு ஒன்று கேம்ப் நூ மைதானத்தின் ஓரத்தில் இருக்கிறது. வெளியூர்ப் பையன்களைத் தங்கவைக்கும் விடுதியாக பார்சிலோனா அதைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. இன்று விடுதி வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் கூடவே போயிருக்கிறது.

1996 செப்டம்பரில் அப்பாவும் அம்மாவும் தாத்தாவும் காரில் சுமார் 500 கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார்கள். அன்றைய நாள்தான் தன் வாழ்க்கையிலேயே மோசமான நாள் என்று இனியெஸ்டா பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்று இரவு பக்கத்தில் ஒரு ஓட்டலில் பெற்றோர் தங்கினார்கள். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை, பையனைத் திரும்பக் கூட்டிப் போய்விடலாம் என்று நின்றார். அம்மாதான் தடுத்தார். அவன் முயற்சி செய்து பார்க்கட்டும், முடியாவிட்டால் அப்போது கூட்டிக்கொள்ளலாம் என்பது அவர் நிலை.

ஹாஸ்டலில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த பெற்றோருக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பையன் நிறைய அழுதான். கூச்ச சுபாவம், ஒல்லியான உடம்பு, வெளுத்த முகம். பெற்றோர் வந்து பார்ப்பது எப்போதாவதுதான். பார்சிலோனாவின் அழகிய கால்பந்து என்று நாம் கொண்டாடுவதற்குப் பின்னால் இப்படிப் பல பையன்களின் இரவுகள் இருக்கின்றன. இவர் தாக்குப்பிடித்தார். தாக்குப்பிடிக்காமல் ஊர் திரும்பியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

குவார்டியோலா அப்போதே இவரைப் பற்றி ஏதோ சொன்னாராமே?

ஆமாம், கால்பந்து உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அப்போது குவார்டியோலா பார்சிலோனாவின் அணித் தலைவர், நடுக்களத்தின் மூளை. அவருடைய இடத்துக்கு வளர்ந்துகொண்டிருந்த இளைஞர் ஸாவி. சிறுவர் அணியில் இனியெஸ்டா ஆடுவதைப் பார்த்த குவார்டியோலா, ஸாவியிடம், நீ என்னை ஓய்வுபெற வைக்கப் போகிறாய், ஆனால் இந்தப் பையன் நம் எல்லோரையும் ஓய்வுபெற வைத்துவிடுவான் என்ற பொருளில் சொன்னார்.

1999இல் பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கான நைக் கோப்பையை பார்சிலோனா சிறுவர் அணி வென்றது. தலைவர் இனியெஸ்டா, இறுதியாட்டத்தில் வெற்றி கோலும் அவருடையது. கோப்பையைக் கையில் கொடுத்தவர் குவார்டியோலா. பத்து ஆண்டு கழித்து அதே குவார்டியோலா பயிற்சியாளராக, அதே பையன் அவருடைய அணியில்.

முதல் அணிக்கு எப்போது வந்தார்? ஏன் அவ்வளவு காலம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்?

2002 அக்டோபர் 29, ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக்கில் பெல்ஜியத்தின் கிளப் புரூக் அணிக்கு எதிராக. வயது 18. பயிற்சியாளர் லூயி வான் கால்.

ஆனால் நிரந்தர இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. ரைக்கார்ட் பயிற்சியாளராக இருந்த காலத்தில் ரொனால்டினோ, டெக்கோ, ஸாவி எல்லோரும் முன்னால் நின்றார்கள். இடதுபக்க விங்கர், வலதுபக்கம், நடுவில், தடுப்புக்கு முன்னால் என்று எங்கே ஓட்டை விழுந்ததோ அங்கே இனியெஸ்டாவை வைத்து அடைத்தார்கள். கடைசி இருபது நிமிடத்துக்கு இறங்குவதும் வழக்கமாக இருந்தது.

2006 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் பாரிஸில், ஆர்சனலுக்கு எதிராக. அதிலும் தொடக்க அணியில் இவர் இல்லை. முதல் பாதி முடிந்தபோது பார்சிலோனா 0-1 எனப் பின்தங்கியிருந்தது. எட்மில்சனுக்குப் பதிலாக இனியெஸ்டா இறங்கினார், நடுக்களத்தில் பந்து ஓட ஆரம்பித்தது, பார்சிலோனா 2-1 என வென்றது.

அந்த ஆண்டுகளில் வேறு கிளப்புக்குப் போயிருந்தால் தொடக்க அணியில் சுலபமாக இடம் கிடைத்திருக்கும். போகவில்லை. அவர் கதை முழுக்க இந்தக் குணம் திரும்பத் திரும்ப வரும். காத்திருப்பார், ஆனால் சும்மா காத்திருக்க மாட்டார். எல்லா இடத்திலும் ஆடிப் பழகிய அந்த வருடங்கள்தான் பின்னால் அவரை எங்கு வைத்தாலும் ஆடக்கூடியவராக ஆக்கின.

அவர் ஆட்டத்தில் அப்படி என்ன விசேஷம்? வேகமும் இல்லை, உயரமும் இல்லையே?

உயரம் 171 செ.மீ. நீண்ட ஓட்டத்தில் அவரை முந்துகிறவர்கள் நிறைய. தலையால் அடித்த கோல்கள் அபூர்வம். உண்மைதான்.

அவருடைய வேகம் இரண்டு அடி தூரத்துக்குள் இருந்தது. குவார்டியோலாவின் பார்சிலோனா 4-3-3 முறையில் ஆடியது: தடுப்பில் நான்கு பேர், நடுக்களத்தில் மூன்று, முன்னால் மூன்று. நடுக்கள மூவரில் பின்னால் புஸ்கெட்ஸ், வலப்பக்கம் ஸாவி, இடப்பக்கம் இனியெஸ்டா. ஸாவி பந்தை வாங்குவார், கொடுப்பார், மறுபடி வாங்குவார். ஆட்டத்தின் தாளம் அவர் கையில். இனியெஸ்டாவின் வேலை வேறு. பாஸ் கொடுக்க வழியே இல்லாதபோது பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஒரு ஆளைத் தாண்டுவார். ஒரு ஆளைத் தாண்டிவிட்டால் எதிரணியின் வரிசை குலையும், இன்னொருவர் தன் இடத்தை விட்டு வெளியே வந்தாக வேண்டும், அவர் விட்டு வந்த இடத்தில் மெஸ்ஸி நிற்பார்.

அந்தத் தாண்டலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஸ்பெயினில் அதற்கு 'குரொக்கெத்தா' என்று பெயர். டென்மார்க்கின் மைக்கேல் லாட்ரப் பார்சிலோனாவில் ஆடியபோது பிரபலமாக்கியது. எதிராளி நேரே வருகிறார். இனியெஸ்டா வலது காலின் உட்பக்கத்தால் பந்தை இடது காலுக்குத் தள்ளுகிறார், அதே மூச்சில் இடது காலின் உட்பக்கத்தால் முன்னால் தள்ளுகிறார். டக், டக். இரண்டே தொடுகை. எதிராளி காலை நீட்டும்போது பந்து அங்கே இல்லை. செய்து காட்டினால் பத்து வயதுப் பையனும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்வான். எப்போது செய்வது என்பதுதான் விஷயம். எதிராளியின் உடல் எடை ஒரு காலுக்கு மாறும்வரை இனியெஸ்டா பந்தைத் தொடவே மாட்டார். மாறிய அந்தக் கணத்தில் தொடுவார். அதற்குப் பிறகு அந்த ஆளால் திரும்ப முடியாது.

2012 யூரோ கோப்பையில் இத்தாலிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. நீலச் சட்டைக்காரர்கள் ஐந்து பேர் சுற்றி நிற்க, நடுவில் பந்தோடு இவர். அவருடைய ஆட்டத்தை ஒரே படத்தில் காட்டச் சொன்னால் அதைத்தான் காட்டுவேன்.

674 ஆட்டத்தில் எத்தனை கோல்? குறைவு என்கிறார்களே?

57. குறைவுதான். பாஸ்களைக் கணக்கெடுத்தாலும் முழுக் கணக்கு வராது. கோலுக்கு முந்தைய பாஸுக்கு முந்தைய அசைவு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை, அவர் வேலை பெரும்பாலும் அங்கேதான். ஆனால் கிளப்புக்கும் நாட்டுக்குமாக அடித்த கொஞ்சத்தில் இரண்டு கோல்களை ஸ்பெயினில் யாரும் மறக்க மாட்டார்கள். அடுத்த கேள்விகள் அவற்றைப் பற்றியவை.

செல்சிக்கு எதிரான கோல் ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

2009 மே 6, லண்டன் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டம் 0-0. இங்கே ஒன்பதாவது நிமிடத்திலேயே எஸ்ஸியன் தூரத்திலிருந்து அடித்த பந்து கோலாகிவிட்டது. அபிதால் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பார்சிலோனா பத்துப் பேரோடு ஆடியது. செல்சி கேட்ட பெனால்டிகள் ஒன்றல்ல, பல. நடுவர் எதையும் தரவில்லை. செல்சி ரசிகர்களுக்கு அந்தக் கோபம் இன்றும் தீரவில்லை, அதில் நியாயமும் இருக்கிறது.

93வது நிமிடம். அதுவரை பார்சிலோனா அடித்த ஒரு பந்துகூட கோல் கம்பத்துக்குள் போகும்படி இல்லை. பெனால்டி ஏரியாவின் ஓரத்தில் மெஸ்ஸி பந்தை இனியெஸ்டாவுக்குத் தள்ளினார். வலது காலின் வெளிப்பக்கத்தால், யோசிக்காமல் ஒரே அடி. மேல் மூலை. 1-1. வெளியூர் மைதானத்தில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற அன்றைய விதிப்படி பார்சிலோனா இறுதியாட்டத்துக்குப் போனது.

ஒன்பது மாதம் கழித்து கதலோனியாவில் குழந்தைகள் அதிகமாகப் பிறந்தார்கள் என்ற பேச்சு உண்டு. வெறும் பேச்சில்லை. நடுக் கதலோனியாவின் இரண்டு வட்டாரங்களின் பிறப்புக் கணக்கை ஆராய்ந்து, 2010 பிப்ரவரியில் 16 விழுக்காடு கூடியிருந்ததாக மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரையே வந்தது.

இறுதியாட்டம் மே 27 அன்று ரோமில், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக. தொடையில் காயம் ஆறாத நிலையில், கோலை நோக்கிப் பலமாக அடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு இனியெஸ்டா ஆடினார். ஏட்டோ அடித்த முதல் கோலுக்குப் பந்து கொடுத்தவர் அவர்தான். பார்சிலோனா 2-0. ஸ்பானிய லீக், மன்னர் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் ஒரே பருவத்தில்.

அதற்குப் பிறகு மனச்சோர்வு வந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இந்தப் பக்கத்தில் எனக்கு முக்கியமான பதில் இதுதான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2009 கோடை. எல்லாக் கோப்பையும் கையில். வயது 25. பணம், புகழ், குடும்பத்தின் அன்பு, எதிலும் குறை இல்லை. ஆனால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்தது. தொடைக் காயம் முழுதாக ஆறவில்லை. பரிசோதனைகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன, உடம்பும் மனசும் மட்டும் சரியாக இல்லை.

அந்த நேரத்தில் ஆகஸ்ட் 8 அன்று ஒரு செய்தி. பார்சிலோனா நகரின் இன்னொரு கிளப் எஸ்பான்யோல். அதன் அணித் தலைவர் டேனி ஹார்க்கே, வயது 26. இத்தாலியில் ஃபுளோரன்ஸ் அருகே பயிற்சி முகாமில் இருந்தபோது மாரடைப்பில் இறந்துபோனார். கிளப் அளவில் ஜென்மப் பகை, ஆனால் இவர்கள் இருவரும் நண்பர்கள். ஸ்பெயினின் இளையோர் அணிகளில் பழகியவர்கள். ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த இனியெஸ்டாவை அந்த மரணம் கீழே தள்ளியது.

அடுத்த பல மாதங்கள் அவர் ஆடினார், ஆனால் ஆடவில்லை. எதிலும் பிடிப்பில்லை. ராத்திரி எப்போது வரும், மாத்திரை போட்டுக்கொண்டு எப்போது படுப்போம் என்று பகலைக் கழித்ததாகப் பின்னாளில் சொன்னார். மனநல உதவியை நாடினார். குவார்டியோலா பயிற்சியாளராக அப்போது செய்ததைக் குறிப்பிட வேண்டும். பயிற்சியின் நடுவில் முடியவில்லை என்று தோன்றினால் காரணம் சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்.

2010 ஏப்ரலில் மறுபடி தசை கிழிந்தது. உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஜூன் 8 அன்று போலந்துக்கு எதிரான கடைசிப் பயிற்சி ஆட்டத்தில் ஸ்பெயின் 6-0 என வென்றது, ஆனால் இனியெஸ்டா மீண்டும் வலியோடு வெளியே வந்தார்.

நம் பக்கம் இன்னமும் மனச்சோர்வு என்றால் 'எல்லாம் இருக்கிறவனுக்கு என்ன கவலை' என்று கேட்கிறவர்கள் அதிகம். எல்லாம் இருந்தவருக்குத்தான் வந்தது. 2010 ஜூலை 11ஐப் பார்க்கும்போது இந்தப் பதினோரு மாதங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2010 இறுதியாட்டத்தில் அந்த கோல் எப்படி விழுந்தது?

முதலில் அங்கே வந்த வழி. ஸ்பெயின் முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் 0-1 எனத் தோற்றது. அதிலும் இனியெஸ்டாவுக்கு அடி. ஹோண்டுராஸுக்கு எதிராக ஆடவில்லை. சிலிக்கு எதிராகத் திரும்பி வந்து ஒரு கோல் அடித்தார், 2-1. அதற்கப்புறம் போர்ச்சுகல், பராகுவே, ஜெர்மனி என மூன்று ஆட்டங்களும் 1-0. மொத்தப் போட்டியிலும் ஸ்பெயின் அடித்தது எட்டே கோல்தான்.

இறுதியாட்டம் ஜோகன்னஸ்பர்க்கின் சாக்கர் சிட்டியில், நெதர்லாந்துக்கு எதிராக. இந்தியாவில் அப்போது நள்ளிரவு 12 மணி. விடிந்தால் திங்கட்கிழமை, வேலை நாள். இருந்தாலும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

அழகான ஆட்டம் இல்லை. நெதர்லாந்து உடம்போடு மோதியது, நடுவர் ஹோவர்ட் வெப் 14 முறை மஞ்சள் அட்டையைத் தூக்கினார். 62வது நிமிடத்தில் ரொபன் தனியாக ஓடிவந்து அடித்த பந்தை காசியாஸ் காலால் தடுக்காவிட்டால் கதையே வேறு. 90 நிமிடம் முடிந்து கூடுதல் நேரம். 109வது நிமிடத்தில் இனியெஸ்டாவைப் பிடித்து இழுத்ததற்காக ஹைட்டிங்கா இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார்.

116வது நிமிடம். வலப்பக்கம் நவாஸ் பந்தைத் தன் பாதியிலிருந்தே எடுத்துக்கொண்டு ஓடினார். வழியில் இனியெஸ்டா குதிகாலால் ஒரு தட்டு தட்டிவிட்டு முன்னால் போனார். பந்து இடப்பக்கம் டோரஸிடம் போய், அவர் உள்ளே அனுப்பியதை நெதர்லாந்து ஆட்டக்காரர் பாதி வெட்டினார். அது ஃபாப்ரிகாஸ் காலில் விழுந்தது. அவர் வலப்பக்கம் பார்த்தார். இனியெஸ்டா தனியாக.

பாஸை வலது காலால் நிறுத்தினார். பந்து துள்ளி மேலே எழும்பியது. அந்த இடத்தில் எத்தனை பேர் அவசரப்பட்டு அடித்திருப்பார்கள்! அவர் பந்து கீழே இறங்கும் வரை நின்றார். ஒரு வினாடிகூட இருக்காது. இறங்கியதும் அடித்தார். கோல்கீப்பர் ஸ்டெக்கலன்பர்க்கின் கையில் லேசாக உரசி உள்ளே போனது. அந்தக் கணத்தில் மைதானத்தின் சத்தமே தனக்குக் கேட்கவில்லை, புவியீர்ப்பு பந்தைக் கீழே கொண்டுவரக் காத்திருந்தேன் என்று பின்னர் சொன்னார்.

நம் ஊர்க் கடிகாரத்தில் அப்போது இரண்டரை மணி ஆகப்போகிறது. தெருவில் எங்கோ இன்னொரு வீட்டிலிருந்தும் ஒரு கத்தல் கேட்டது. அன்றுதான் தெரிந்தது, நான் மட்டும் முழித்திருக்கவில்லை என்று.

கோல் அடித்ததும் சட்டையைக் கழற்றினாரே, அதில் என்ன எழுதியிருந்தது?

உள்ளே வெள்ளை பனியன். அதில் நீல மையில் கையால் எழுதிய வரி: "டேனி ஹார்க்கே, எப்போதும் எங்களோடு." அணியின் உடைகளைக் கவனிக்கும் ஊழியரிடம் சொல்லி, ஆட்டத்துக்கு முன்பே எழுதி வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கியிருந்தார். சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை என்பது விதி. நடுவர் கொடுத்தார். உலகக் கோப்பை வரலாற்றில் அதைவிட மதிப்புள்ள மஞ்சள் அட்டை இல்லை என்பேன்.

அந்த பனியனை அவர் வைத்துக்கொள்ளவில்லை. எஸ்பான்யோல் கிளப்புக்கே கொடுத்துவிட்டார். ஹார்க்கேயின் எண் 21. அந்த மைதானத்தின் 21ஆம் வாசலில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது.

எதிரணி ரசிகர்களும் இவருக்குக் கைதட்டுவார்களாமே?

ஆமாம். அந்த இறுதியாட்டத்துக்குப் பிறகு எஸ்பான்யோல் மைதானத்தில், பார்சிலோனா சட்டை போட்ட ஒருவருக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த இரண்டு கிளப்களின் உறவு தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். 2015 நவம்பர் 21 அன்று ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில் பார்சிலோனா 4-0 என வென்றது. ஒரு கோல் இவருடையது. மாற்று ஆட்டக்காரருக்கு வழிவிட்டு வெளியே வந்தபோது மாட்ரிட் ரசிகர்களே கைதட்டி அனுப்பினார்கள்.

விதிவிலக்கும் உண்டு. பில்பாவோவில் மட்டும் அவருக்கு விசில் சத்தம்தான். 2010 செப்டம்பரில் அங்கே ஆடியபோது இவர்மீது செய்த ஃபவுலுக்காக உள்ளூர் அணி ஆட்டக்காரர் அமொரெபியெத்தா சிவப்பு அட்டை வாங்கினார். அவ்வூர் ரசிகர்கள் அதைப் பல ஆண்டுகள் மறக்கவில்லை.

சிவப்பு அட்டை வாங்கியிருக்கிறாரா?

பார்சிலோனாவுக்கும் ஸ்பெயினுக்கும் ஆடிய அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட இல்லை.

ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் பரிசு ஏன் கிடைக்கவில்லை?

2010இல் மெஸ்ஸிக்கு அடுத்து இரண்டாம் இடம், ஸாவி மூன்றாவது. முதல் மூவருமே லா மாசியாவில் வளர்ந்தவர்கள். 2012இல் மூன்றாம் இடம். அந்த ஆண்டு யூரோ கோப்பையின் சிறந்த ஆட்டக்காரரும் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரரும் இவர்தான்.

என் கருத்தைக் கேட்டால், 2010 இவருக்கோ ஸாவிக்கோ போயிருக்க வேண்டும். மெஸ்ஸி மேலானவர் என்பதில் சந்தேகமே இல்லை, ஆனால் அந்த ஆண்டின் கதை அவருடையது அல்ல. அந்தப் பரிசை உருவாக்கிய ஃபிரான்ஸ் ஃபுட்பால் பத்திரிகையே 2018இல் இனியெஸ்டாவிடம் மன்னிப்புக் கேட்டுத் தலையங்கம் எழுதியது.

மொத்தம் எத்தனை கோப்பைகள்?

பார்சிலோனாவோடு 32. அதில் ஸ்பானிய லீக் 9, சாம்பியன்ஸ் லீக் 4, மன்னர் கோப்பை 6. ஸ்பெயினோடு 2008, 2012 யூரோ கோப்பைகள், 2010 உலகக் கோப்பை.

பார்சிலோனாவை விட்டு ஏன் போனார்?

2017 அக்டோபரில்தான் 'வாழ்நாள் ஒப்பந்தம்' போட்டார்கள். ஆனால் உடம்பு முன்போல ஒத்துழைக்கவில்லை என்று அவருக்கே தெரிந்தது. அரைகுறையாக ஆடிக்கொண்டு இடத்தைப் பிடித்திருக்க விரும்பவில்லை. ஐரோப்பாவில் வேறு எந்த கிளப்புக்கும் போய் பார்சிலோனாவுக்கு எதிராக நிற்க மாட்டேன் என்பதிலும் உறுதியாக இருந்தார். 2018 ஏப்ரல் 21 அன்று மன்னர் கோப்பை இறுதியாட்டத்தில் செவில்லாவை 5-0 என வென்றார்கள். அதில் ஒரு கோல் அடித்தார். அடுத்த வாரமே விலகலை அறிவித்தார்.

கடைசி ஆட்டம் மே 20, ரியல் சொசியதாதுக்கு எதிராக. விழா முடிந்தது, விளக்குகள் அணைந்தன, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு மேல், காலியான கேம்ப் நூவின் நடுவட்டத்தில், அணியின் சட்டையோடு வெறுங்காலோடு தனியாக உட்கார்ந்திருந்தார். மேலே ஏறிப்போகும் இருக்கைகள், ஒரு ஆள்கூட இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அழுதுகொண்டிருந்த பையன் தங்கிய பழைய வீடு அந்த மைதானத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஸ்பெயின் அணியிலிருந்தும் அந்தக் கோடையிலேயே விடைபெற்றார். உலகக் கோப்பையில் ரஷ்யாவிடம் பெனால்டியில் தோற்ற ஆட்டம்தான் கடைசி. தன் பெனால்டியை அவர் அடித்துவிட்டார்.

ஜப்பானில் என்ன செய்தார்? பணத்துக்காகப் போனதுதானே?

பெரிய சம்பளம்தான். ஆனால் சுற்றுலாவாகப் போகவில்லை. அவர் சேர்ந்த விஸ்ஸல் கோபே அதுவரை எந்தப் பெரிய கோப்பையும் வெல்லாத கிளப். 2020 ஜனவரி 1 அன்று டோக்கியோவின் புதிய தேசிய மைதானத்தில் நடந்த பேரரசர் கோப்பை இறுதியாட்டத்தில் கஷிமாவை 2-0 என வென்றார்கள். அதுதான் கிளப்பின் முதல் கோப்பை, தலைவர் இனியெஸ்டா.

அதே ஆண்டு டிசம்பரில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. தொடையில் காயத்தோடு இருந்தவர் பெனால்டி வரப்போகிறது என்றதும் கடைசியில் இறங்கினார். அடித்தார், உள்ளே போனது, தசை மோசமாகக் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை, பல மாத ஓய்வு. வயது 36. பணத்துக்காக மட்டும் போனவர் இதைச் செய்ய மாட்டார்.

2023 ஜூலையில் கோபேயை விட்டார். அந்த ஆண்டின் முடிவில் கோபே முதல்முறையாக ஜப்பான் லீக்கை வென்றது. அப்போது அவர் அங்கே இல்லை.

அதற்குப் பிறகு எங்கே ஆடினார்?

ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ராஸ் அல் கைமாவின் எமிரேட்ஸ் கிளப். ஒரு பருவம். அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அதோடு சரி.

சொந்த ஊரோடு இப்போதும் தொடர்பு இருக்கிறதா?

நன்றாகவே இருக்கிறது. ஃபுவென்தெஅல்பில்யாவில் குடும்பத்தின் திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையும் இருக்கின்றன. அந்தப் பகுதி மக்களின் பிழைப்பே திராட்சைதான். '116ஆம் நிமிடம்' என்ற பெயரிலேயே அவர்கள் ஒரு ஒயின் விற்கிறார்கள்.

சிறுவயதில் ஆடிய அல்பசெத்தே கிளப் கடனில் மூழ்கியபோது பங்குகள் வாங்கிக் கைகொடுத்தார். 2013இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளப் பாக்கி வைத்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற நிலை. 2,40,000 யூரோ கொடுத்துக் காப்பாற்றினார். ஸ்பெயின் அணிக்காக அவர் முதல் ஆட்டம் ஆடியதும் அந்த அல்பசெத்தே மைதானத்தில்தான், 2006 மே 27, ரஷ்யாவுக்கு எதிராக.

அவர் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. எங்கே தொடங்கலாம்?

கோல் தொகுப்பு வீடியோக்களில் தொடங்காதீர்கள். முழு ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். 2009 ரோம் இறுதி நல்ல தேர்வு. நேரமில்லை என்றால் 2015 சாம்பியன்ஸ் லீக் பெர்லின் இறுதியின் முதல் நான்கு நிமிடங்கள் போதும், யுவெண்டஸுக்கு எதிராக. அப்போது அவருக்கு வயது 31, அணித் தலைவர், அந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே போனது.

வலப்பக்கத்திலிருந்து மெஸ்ஸி இடப்பக்கத்துக்கு நீளமாக ஒரு பந்து அனுப்புவார். ஆல்பா, பிறகு நெய்மர். நெய்மர் பந்தை வாங்குவதற்கு முன்பே இனியெஸ்டா ஓடத் தொடங்கிவிட்டிருப்பார், அதைத் தவறவிடாதீர்கள். பெனால்டி ஏரியாவுக்குள் பந்து அவரிடம் வரும். எதிரே கோல்கீப்பர் பஃபோன், அடிக்கக்கூடிய இடம்தான். அடிக்காமல் குறுக்கே தள்ளுவார், அங்கே ரக்கிட்டிச் நிற்பார்.